திராட்சைப் பந்தலில் இரு பார்வைகள்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அன்பிற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்துகொள்கிறேன்.

இன்றைய ஜுமுஆவில் திராட்சையைப் பற்றிப் பேசப் போகிறேன். மிம்பரில் நின்று பேச வேறு விஷயமே இல்லையா என்று யாரும் நினைக்க வேண்டாம். அல்லாஹ் தன் திருமறையில் 11 இடங்களில் திராட்சையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறான். கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கோ அது வெறும் பழமல்ல. இந்த ஸஃப்புகளில் சொந்தமாகப் பந்தல் போட்டவர் இருக்கிறார். கூலிக்குக் கவாத்து வெட்டப் போகிறவர் இருக்கிறார். தோட்டம் தோட்டமாகப் போய் விலை பேசுகிறவரும், லாரியில் ஏற்றிக் கேரளாவுக்கு அனுப்புகிறவரும் இருக்கிறார்கள். நம் வீட்டு உலையில் வேகும் சோற்றில் பாதி இந்தக் கொடியிலிருந்து வந்தது.

பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில நாட்களுக்கு முன் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் ஒருவர் என்னிடம் வந்தார். மறுநாள் இன்னொருவர் வந்தார். இரண்டு பேரும் சொன்னது ஒரே தோட்டத்தின் கதை. காய் பச்சையாக இருக்கும்போதே பந்தலோடு மொத்தமாக விலை பேசி, ஒருவர் பணம் கொடுத்திருக்கிறார், மற்றவர் வாங்கியிருக்கிறார். பழுக்கும் நேரத்தில் நான்கு நாள் அடைமழை. பழம் வெடித்து, குலை அழுகி, பாதித் தோட்டம் கொட்டிப் போனது. “பேசினது பேசினதுதான்” என்கிறார் கொடுத்தவர். “பழமே இல்லாததற்கு நான் எப்படி முழுப் பணம் தருவேன்?” என்கிறார் வாங்கியவர். ஒருவருக்கொருவர் மாமன் மச்சான் முறை. இப்போது ஸலாம் கூட இல்லை.

அவர்கள் யார் என்று தேடாதீர்கள். இந்த ஊரில் இது ஒரு வீட்டுக் கதையல்ல. உங்கள் முகமும் அதில் இருக்கலாம், என் வீட்டு முகமும் அதில் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டு முறை பார்க்கச் சொன்ன ரப்பு

சூரா அல்அன்ஆமில் அல்லாஹ் வானத்திலிருந்து மழையை இறக்குவதையும், அதனால் பயிரையும் பேரீச்சையையும் திராட்சைத் தோட்டங்களையும் ஒலிவத்தையும் மாதுளையையும் வெளிப்படுத்துவதையும் சொல்லிவிட்டு, ஒரு கட்டளை இடுகிறான். அது காய்க்கும்போது அதன் கனியைப் பாருங்கள், அது பழுப்பதையும் பாருங்கள் என்பது அந்தக் கட்டளையின் கருத்து.

கவனித்தீர்களா? ‘தின்னுங்கள்’ என்பதற்கு முன்னால் ‘பாருங்கள்’ வருகிறது. அதிலும் ஒரு முறையல்ல. காய்ப்பதை ஒரு முறை, கனிவதை ஒரு முறை. இந்த இரண்டு பார்வைக்கும் இடையில் சில வாரங்கள் இருக்கின்றன. அந்த வாரங்களில்தான் விவசாயிக்குத் தூக்கம் போகிறது, வியாபாரிக்கு ஆசை வருகிறது, ஷைத்தானுக்கு வேலை கிடைக்கிறது. எனவே முதலில் இரண்டு பார்வையையும் பார்ப்போம். பிறகு, இடைப்பட்ட நாட்களில் ஒருவருக்கொருவர் நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்று பார்ப்போம்.

முதல் பார்வை: மொட்டுக்குள் எழுதப்பட்டது

நம் ஊர்ப் பன்னீர் திராட்சை, உலகத்தில் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கப்படும் இனம். 2023-ஆம் ஆண்டு ‘கம்பம் பன்னீர் திராட்சை’ என்று அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்த இனத்தை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. முதிர்ந்த குச்சியை வெட்டி, வேர் விடவைத்து நடுகிறோம். அதாவது உங்கள் தோட்டத்துக் கொடியும் பக்கத்துத் தோட்டத்துக் கொடியும் ஒரே கொடியின் துண்டுகள். பாய்வதும் ஒரே தண்ணீர். 1895-இல் கட்டி முடித்த பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வரும் அதே தண்ணீர்தான் நெல்லுக்கும் வாழைக்கும் தென்னைக்கும் நம் கிணற்று ஊற்றுக்கும் போகிறது. ஆனாலும் ஒரு தோட்டத்துப் பழம் தேனாகவும் அடுத்த தோட்டத்துப் பழம் சப்பென்றும் இருப்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

சூரா அர்ரஃதில் அல்லாஹ் இதைத்தான் அத்தாட்சி என்கிறான். அடுத்தடுத்த நிலங்கள், திராட்சைத் தோட்டங்கள், பயிர்கள், பேரீச்சைகள், எல்லாவற்றுக்கும் பாய்வது ஒரே தண்ணீர், ஆனால் சுவையில் ஒன்றைவிட ஒன்றை மேன்மையாக்குகிறான் என்று சொல்லி, சிந்திக்கிற மக்களுக்கு இதில் அடையாளங்கள் உண்டு என முடிக்கிறான்.

குளிர் நாடுகளில் திராட்சைக் கொடி இலையை உதிர்த்துவிட்டு உறங்கும். ஆண்டுக்கு ஒரே ஒரு விளைச்சல். நம் ஊர் வெப்பத்தில் கொடிக்கு அந்த உறக்கம் கிடையாது. கவாத்துதான் அதற்குக் குளிர்காலம். டிசம்பர், ஜனவரியில் வெட்டினால் ஏப்ரல், மே மாதங்களில் கோடைப் பழம். மே, ஜூனில் வெட்டினால் ஆகஸ்ட், செப்டம்பரில் அடுத்த பழம். வெட்டாமல் விட்டால் பந்தல் முழுக்க இலை பச்சைப்பசேல் என்று படர்ந்திருக்கும், குலையைத் தேட வேண்டியிருக்கும். கவாத்து வெட்டியவருக்குத் தெரியும், வெட்டிய முனையில் தண்ணீர் சொட்டும். பார்க்கிறவருக்குக் கொடி அழுவதுபோல் இருக்கும். உண்மையில் வேர் கீழிருந்து தண்ணீரை மேலே தள்ளுகிறது. கொடி செத்துவிடவில்லை, விழித்துக்கொண்டது என்பதற்கு அது அடையாளம். நமக்குச் சோதனை வந்து கண்ணீர் சொட்டும்போது இதை நினைத்துப் பாருங்கள்.

இன்னும் ஒரு நுட்பம் இருக்கிறது. கவாத்து முடிந்து துளிர்க்கும் புதுத் தளிரில் குலை எட்டிப் பார்க்கும்போது, “இந்தத் தடவை நல்லாப் பிடிச்சிருக்கு” என்கிறோம். ஆனால் அந்தக் குலை இந்தத் தடவை உருவானதல்ல. போன பருவத்தில் அந்தக் குச்சி வளரும்போதே, அதன் மொட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் குலையின் கரு உண்டாகிவிட்டது. அந்தக் கரு இரண்டு விதமாக ஆகலாம். அந்த நேரத்தில் மொட்டின்மீது வெளிச்சம் விழுந்து, கொடிக்குச் சத்தும் கிடைத்திருந்தால் அது பூங்குலையாகிறது. நிழலிலும் சத்துக் குறைவிலும் இருந்தால், கம்பியைச் சுற்றிப் பிடிக்கும் வெறும் பற்றுக்கம்பியாகிவிடுகிறது. குலையும் பற்றுக்கம்பியும் ஒரே கருவிலிருந்து வந்தவை!

சகோதரர்களே, இதில் விவசாயிக்கும் பாடம் உண்டு, முஃமினுக்கும் பாடம் உண்டு. இன்றைக்குக் கையில் கிடைக்கும் குலை, நாம் பார்க்காத நாளில், நாம் பார்க்க முடியாத இடத்தில் அல்லாஹ் உருவாக்கியது. நாம் செய்ததெல்லாம் இலையை விலக்கி வெளிச்சம் விட்டதும், தண்ணீர் பாய்ச்சியதும்தான். ‘என் தோட்டம், என் உழைப்பு’ என்று நெஞ்சை நிமிர்த்துவதற்கு முன்னால் அந்த மொட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

சூரா அல்கஹ்ஃபில் வரும் இரண்டு தோட்டக்காரன் இதைத்தான் மறந்தான். அவனுக்கு இரண்டு திராட்சைத் தோட்டங்கள், சுற்றிலும் பேரீச்சை, நடுவில் பயிர், ஊடே ஓடும் ஆறு. இது என்றைக்கும் அழியும் என்று நான் நினைக்கவில்லை என்றான். ஒரு நாள் எல்லாம் அழிந்து, பந்தல்கள் மீதே தோட்டம் சாய்ந்து கிடக்க, செலவழித்ததை நினைத்துக் கைகளைப் புரட்டிக்கொண்டு நின்றான். பந்தல் சாய்ந்த தோட்டத்தின் நடுவில் நின்று கையைப் பிசைவது எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரருக்கு யாரும் தஃப்ஸீர் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது பார்வை: நிறம் மாறும் நாள்

பூ விரியும்போது அதன் இதழ்கள் ஒன்றாக ஒட்டி, ஒரு குட்டித் தொப்பிபோலக் கழன்று விழும். பூத்ததெல்லாம் காயாவதில்லை, பாதிக்கு மேல் உதிர்வதும் இயல்பு. மிச்சம் நிற்பது பச்சை மணி. அதைக் கடித்துப் பார்த்தவர் கண்ணை மூடிக்கொள்வார், அவ்வளவு புளிப்பு. டார்டாரிக், மாலிக் என்ற இரண்டு அமிலங்கள் அதில் நிறைந்திருக்கும். ஏன் அப்படி? உள்ளே விதை இன்னும் தயாராகவில்லை. விதை முதிரும்வரை பறவை கொத்தாமலிருக்க, புளிப்பையும் கடினத்தையும் அல்லாஹ் காவலாக வைத்திருக்கிறான்.

பிறகு சில நாட்கள் காய் பெருக்காமல் அப்படியே நின்றுவிடும். புதிதாகத் தோட்டம் வைத்தவர் பயந்துபோய் உரத்தையும் மருந்தையும் தூக்கிக்கொண்டு ஓடுவார். பயப்பட ஒன்றுமில்லை. வெளியே வளர்ச்சி நின்றதுபோல் தெரியும் அந்த நாட்களில் உள்ளே விதை கெட்டியாகிக்கொண்டிருக்கிறது.

அதன் பிறகுதான் அந்த நாள் வருகிறது. கல்போல இருந்த மணி மிருதுவாகிறது. அதுவரை இலையில் தயாராகிக் கொடிக்குள் பல இடங்களுக்குப் போய்க்கொண்டிருந்த சர்க்கரை, இப்போது குலைக்குள் கூடுதலாக இறங்கத் தொடங்குகிறது. புளிப்பு குறைகிறது. பச்சைத் தோலில் சிவப்பு தோன்றி, ஊதாவாகி, கறுப்பாகிறது. தோலுக்கு மேல் மாவு தூவினதுபோல ஒரு மெழுகுப் பூச்சு படிகிறது. அதுவும் ஒரே நாளில் அல்ல. ஒரே குலையில் ஒரு மணி கறுத்திருக்கும், பக்கத்து மணி இன்னும் பச்சையாக இருக்கும்.

1400 ஆண்டுகளுக்கு முன், பெருமானார் (ஸல்) அவர்கள் தங்கள் விரலை வைத்துக் காட்டியது சரியாக இந்த நாளைத்தான். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்: திராட்சை கறுப்பாகும் வரை அதை விற்பதையும், தானியம் முற்றிக் கெட்டியாகும் வரை அதை விற்பதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இது அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் வரும் செய்தி. கறுக்காத இனங்களுக்கு, மிருதுவாகி இனிப்பு ஏறுவதுதான் அடையாளம் என்று ஃபிக்ஹு அறிஞர்கள் விளக்குகிறார்கள். நம் பன்னீர் திராட்சையோ கறுக்கிற இனம். ஹதீஸுக்கு விளக்கமே தேவையில்லை. பந்தலுக்குக் கீழே போய் நிமிர்ந்து பார்த்தால் போதும்.

இந்தத் தடை எதற்காக வந்தது என்பதை ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் சொல்வது புகாரியில் இருக்கிறது. மதீனாவில் மக்கள் காயாக இருக்கும்போதே விலை பேசிக்கொள்வார்கள். வெட்டும் நாள் வந்து, பணம் கேட்கப் போனால், வாங்கியவர் இந்த நோய் தாக்கியது, அந்த நோய் தாக்கியது என்று ஒவ்வொரு நோயின் பெயராகச் சொல்லி வாதம் செய்வார். இந்த வழக்குகள் அதிகமாகவே, பழத்தின் தகுதி வெளிப்படும் வரை விற்காதீர்கள் என்று நபியவர்கள் ஆலோசனை சொன்னார்கள். ஸைத் (ரலி) அவர்களோ, வானில் ஸுரையா தோன்றி, சிவந்ததும் மஞ்சளானதும் பிரித்தறியப்படும் வரை தம் நிலத்துக் கனிகளை விற்கமாட்டார்கள். ஸுரையா என்பது நம் ஊரில் கார்த்திகை என்று சொல்கிற அதே விண்மீன் கூட்டம்.

மதீனாவில் வேறு நோய்ப் பெயர்கள். இங்கே சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய். வழக்கு அதே வழக்குதான்!

கொடியை விட்டால் இனிக்காது

இன்னொன்றையும் கவனியுங்கள். மாங்காயைப் பறித்து வைக்கோலில் வைத்தால் பழுக்கும். வாழைத்தாரை வெட்டிப் புகை போட்டால் பழுக்கும். திராட்சை அப்படியல்ல. கொடியிலிருந்து வெட்டிய நிமிடத்தோடு அதன் இனிப்பு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு அது வாடும், சுருங்கும், அழுகும். ஆனால் இலையிலிருந்து வர வேண்டிய சர்க்கரை இனி வராது.

அப்படியானால் விலை நன்றாக இருக்கிறதே என்று, நிறம் மட்டும் ஏற மருந்தடித்து, சாறு புளிப்பாக இருக்கும்போதே வெட்டிப் பெட்டியில் அடுக்குகிறவர் என்ன செய்கிறார்? இனி ஒருபோதும் சரிசெய்ய முடியாத ஒன்றை, சரியானது என்று சொல்லி விற்கிறார். மேலே நான்கு நல்ல குலை, அடியில் புளிக்கிற குலை.

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம். இது என்ன என்று கேட்டபோது, மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கருத்தில் கடுமையாகச் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. மழை பட்டது அந்த வியாபாரியின் குற்றமில்லை. மழை பட்டதை மறைத்ததுதான் குற்றம்.

மழை வந்தால் நஷ்டம் யாருக்கு?

இப்போது அந்த இருவரின் கதைக்கு வருவோம்.

காயாக இருக்கும்போதே வாங்கி, பழுக்கும்வரை கொடியிலேயே விட்டுவைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு செய்கிற வியாபாரம் கூடாது; இதில் நான்கு மத்ஹபுகளின் இமாம்களும் ஒன்றுபட்டே இருக்கிறார்கள். உடனே பறித்துக்கொள்வதாக இருந்தால் அது வேறு. நம் தோட்டங்களில் நடப்பது உடனே பறிக்கிற வியாபாரமா? மனசாட்சியைத் தொட்டு நீங்களே பதில் சொல்லுங்கள்.

சரி, பழுத்த பிறகே முறைப்படி விற்றாகிவிட்டது. வெட்டுவதற்குள் மழை வந்துவிட்டது. அப்போது? ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக முஸ்லிமில் வரும் ஹதீஸின் கருத்து இது: உன் சகோதரனுக்கு நீ கனியை விற்று, அதை ஓர் ஆபத்து தாக்கிவிட்டால், அவனிடமிருந்து எதையும் வாங்குவது உனக்கு ஆகுமானதல்ல. எந்த உரிமையில் உன் சகோதரனின் பொருளை நீ எடுப்பாய்?

இந்த ஹதீஸை இமாம் மாலிக், இமாம் அஹ்மத் (ரஹ்) ஆகியோர் கட்டாயம் என்று எடுத்தார்கள். நஷ்டம் மூன்றில் ஒரு பங்கை எட்டினால்தான் தள்ளுபடி என்று இமாம் மாலிக் அளவும் வைத்தார்கள். நம் ஹனஃபி மத்ஹபிலும், ஷாஃபிஈ மத்ஹபிலும் இது விரும்பத்தக்க நற்செயல் என்ற நிலையில் இருக்கிறது. தீர்ப்பு வேண்டுவோர் ஆலிம்களிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கட்டாயம் இல்லை என்று மத்ஹபில் இடம் இருக்கிறது என்பதற்காக, உன் சகோதரனின் பொருள் என்று நபியவர்கள் சொன்ன அந்தச் சொல் காதில் விழாமல் போய்விடுமா? ‘வாங்குபவன்’ என்று சொல்லவில்லை, ‘சகோதரன்’ என்று சொன்னார்கள்.

வியாபாரிகளே, உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. விலை ஏறினால் ‘ஒப்பந்தம்’ என்பதும், விலை இறங்கினால் ‘மழை’ என்பதும் நியாயமல்ல. விழுந்தது மழையா, சந்தையா என்று அல்லாஹ்வுக்குத் தெரியும்.

முன்பணம் வேண்டும் என்றால் வழி இல்லையா?

“ஹஜ்ரத், காயிலேயே விற்காவிட்டால் மருந்துக்கும் கூலிக்கும் பணம் ஏது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மார்க்கம் கதவை அடைத்துவிட்டுப் போகவில்லை.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, மக்கள் ஓராண்டு, இரண்டாண்டு முன்னதாகவே கனிகளுக்குப் பணம் கொடுத்து வைப்பதைக் கண்டார்கள். அப்படி முன்பணம் கொடுப்பவர் தெரிந்த அளவுக்கும் தெரிந்த எடைக்கும் தெரிந்த தவணைக்கும் கொடுக்கட்டும் என்று அதை ஒழுங்குபடுத்தினார்கள். இதற்கு ஸலம் வியாபாரம் என்று பெயர். இதன் நிபந்தனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முழுத் தொகையும் பேசும்போதே கையில் தரப்பட வேண்டும். என்ன இனம், என்ன தரம், எத்தனை கிலோ, எந்தத் தேதி, எங்கே ஒப்படைப்பது என்பது தெளிவாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு தோட்டத்துப் பழம் என்று கட்டக்கூடாது. உங்கள் தோட்டம் பொய்த்தால் சந்தையில் வாங்கியாவது அந்த எடையை நீங்கள் கொடுக்க வேண்டும். ஒப்பந்த நாளிலிருந்து ஒப்படைக்கும் நாள்வரை அந்தப் பொருள் சந்தையில் கிடைக்க வேண்டும் என்று ஹனஃபி மத்ஹபு கேட்கிறது. ஒரு தோட்டம் கவாத்தில் இருக்கும்போது அடுத்த தோட்டம் அறுவடையில் இருக்கும் நம் பள்ளத்தாக்கில் அந்த நிபந்தனையும் சிரமமில்லை. எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கடனாகப் பணம் கொடுத்துவிட்டு, “பழத்தை எனக்குத்தான், சந்தையைவிடக் கிலோவுக்கு இத்தனை ரூபாய் குறைத்துத்தான் தரவேண்டும்” என்று நிபந்தனை போடுவது வேறு. கடன் கொடுத்து ஆதாயம் இழுப்பது வட்டியின் வாசல். பெயரை ‘அட்வான்ஸ்’ என்று மாற்றினால் அது ஹலாலாகிவிடாது.

வெட்டும் நாளில் ஒரு பங்கு

அதே சூரா அல்அன்ஆமில் அல்லாஹ் பந்தலில் படரும் தோட்டங்களையும் பந்தலில்லாத தோட்டங்களையும் சொல்லி, காய்த்தால் உண்ணுங்கள், அறுவடை நாளில் அதற்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்று கட்டளையிடுகிறான். அல்லாஹ் அதை ‘உரிமை’ என்கிறான். நாம் கொடுக்கும் தர்மமல்ல, அவர்களுடைய உரிமை.

மழையாலும் ஆற்றாலும் தானாக விளைந்தால் பத்தில் ஒன்று. கிணறு, மோட்டார் என்று செலவு செய்து பாய்ச்சினால் இருபதில் ஒன்று. விளைச்சல் கூடினாலும் குறைந்தாலும் உஷ்ர் உண்டு என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் நிலைப்பாடு. குறைந்தபட்ச அளவு ஐந்து வஸக் என்பது அவர்களின் இரு மாணவர்களும் மற்ற இமாம்களும் சொல்வது. நம் நாட்டு நிலங்களின் உஷ்ர் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் நிலத்தின் விவரத்தைச் சொல்லிக் கேட்டுத் தெளியுங்கள். கேட்காமலே இருந்துவிடுவது தப்பிப்பதாகாது.

ஏழைகள் வருவதற்குள் விடியற்காலையில் பறித்துவிடலாம் என்று சத்தியம் செய்த தோட்டக்காரர்களைச் சூரா அல்கலமில் அல்லாஹ் சொல்கிறான். அவர்கள் தூங்கும்போதே தோட்டம் போய்விட்டது. மழை, நோய் என்று வெளியே காரணம் தேடுகிறோம். நாம் யாருடைய பங்கை மறைத்தோம் என்றும் ஒரு நாள் தேடிப் பார்ப்போம்.

தாயிஃப் நகரில் நம் நாயகம் (ஸல்) அவர்கள் கல்லடி பட்டு, காலில் இரத்தம் வழிய ஒதுங்கியது எங்கே தெரியுமா? ஒரு திராட்சைத் தோட்டத்தில். கொடியின் நிழலில் உட்கார்ந்தார்கள். தோட்டக்காரர்கள் உத்பாவும் ஷைபாவும், ரபீஆவின் மக்கள். இருவரும் இஸ்லாத்தின் எதிரிகள். அந்த எதிரிகளுக்கே மனம் இளகி, தங்கள் ஊழியர் அத்தாஸ் என்பவரிடம் ஒரு குலை திராட்சையைக் கொடுத்தனுப்பினார்கள். பெருமானார் பிஸ்மில்லாஹ் சொல்லி உண்டார்கள். அந்த ஒரு சொல்லிலிருந்து பேச்சு தொடங்கி, நீனவா நகரத்துக்காரரான அத்தாஸ் நபியவர்களின் தலையையும் கைகால்களையும் முத்தமிட்டார்.

எதிரியின் தோட்டத்திலிருந்து ஒரு குலை வந்தது. ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கிற நாம், ஒருவருக்கொருவர் ஒரு ஸலாமைத் தடுத்து வைத்திருக்கிறோம்.

என் அத்தாவின் கணக்கு

முதலில் சொன்னேனே, என் வீட்டு முகமும் இதில் இருக்கிறது என்று. என் அத்தாவுக்குச் சிறிய திராட்சைத் தோட்டம் இருந்தது. நான் சிறு பையனாக இருந்தபோது ஒரு வருடம் காயிலேயே விற்றார்கள். வாங்கியவர் சைக்கிளில் வந்துபோகும் சின்ன வியாபாரி. வெட்டுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது மழை பிடித்தது. அவர் வந்து பந்தலுக்குக் கீழே நின்று, உதிர்ந்து கிடந்த பழத்தைக் காலால் ஒதுக்கிக்கொண்டு, “கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க, அண்ணே” என்றார். அத்தா, “பேசினது பேசினதுதானே, தம்பி” என்றார்கள். பாக்கிப் பணம் முழுதும் வந்தது. அந்த வியாபாரி அதன் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை.

அத்தா கெட்ட மனிதர் அல்லர். தொழுகையை விட்டவர் அல்லர். ஆனால் கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோது, அவர்கள் பேசிய பழைய விஷயங்களில் திரும்பத் திரும்ப வந்தது அந்த மழைதான். “அவரைத் தேடிப் பார்ப்பா” என்றார்கள். தேடினேன். ஊரை விட்டுப் போய்விட்டார், எங்கே என்று சொல்ல ஆளில்லை. அவர் பெயரில் ஸதகா செய்தேன். கணக்கு தீர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. மறுமையில்தான் தெரியும்.

அதனால் சொல்கிறேன், அன்பானவர்களே! உங்களிடம் கணக்கு வைத்திருக்கிறவர் இன்றைக்கு இதே பள்ளியில் இருக்கிறார். எழுந்து நான்கு எட்டு வைத்தால் அவரைத் தொட்டுவிடலாம். அவர் ஊரை விட்டோ, உலகத்தை விட்டோ போகும்வரை காத்திருக்காதீர்கள். முழுவதையும் விட்டுக்கொடுக்க மனம் வராவிட்டால் பாதியை விடுங்கள். பாதிக்கும் மனம் வராவிட்டால், ஸலாம் சொல்லி, உட்கார்ந்து பேசுங்கள்.

கர்ம் யார்?

அரபிகள் திராட்சைக் கொடிக்கு ‘கர்ம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கர்ம் என்றால் தாராளம், கண்ணியம் என்ற பொருளோடு உறவுள்ள சொல். அதிலிருந்து வடிக்கும் மதுவைக் குடித்தால் மனிதன் தாராளமாகக் கொடுப்பான் என்று அந்த அறியாமைக் கால மக்கள் எண்ணினார்கள். மதுவை ஹராமாக்கிய மார்க்கத்தின் நபி, திராட்சையைக் கர்ம் என்று அழைக்காதீர்கள், கர்ம் என்பது முஃமினின் உள்ளம் என்ற கருத்தில் சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது இருக்கிறது.

போதையில் வரும் தாராளம் தாராளமல்ல. தெளிந்த புத்தியோடு, நஷ்டம் என்று தெரிந்தும், அல்லாஹ்வுக்காக விட்டுக்கொடுப்பதுதான் தாராளம். அது கொடியில் காய்ப்பதல்ல, உள்ளத்தில் காய்ப்பது. அந்த உள்ளமும் கொடியைப் போன்றதுதான். வெளிச்சம் பட்டால் குலையாகும். நிழலிலேயே வைத்திருந்தால், பிடித்ததை விடாத பற்றுக்கம்பியாகிவிடும்.

தொழுகை முடிந்து தோட்டத்துக்குப் போகிறவர்கள் இன்று பந்தலுக்குக் கீழே நின்று ஒரு முறை நிமிர்ந்து பாருங்கள். பச்சையாக இருந்தால், இது இன்னும் என் கையில் இல்லை என்று சொல்லிக்கொள்ளுங்கள். கறுத்திருந்தால், இதில் என் பங்கு மட்டும் இல்லை என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் தோட்டங்களிலும் தொழில்களிலும் பரக்கத் செய்வாயாக! அழிக்கும் மழையிலிருந்தும் நோயிலிருந்தும் எங்கள் விளைச்சலைக் காப்பாயாக! சகோதரனின் பொருளை உரிமையின்றி உண்பதிலிருந்து எங்களைப் பாதுகாப்பாயாக! எங்கள் பெற்றோர் தீர்க்காமல் போன கணக்குகளை உன் கருணையால் தீர்த்துவைப்பாயாக! பிரிந்திருக்கும் உள்ளங்களை ஒன்று சேர்ப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.